ஊர் கூடி எழுதும் கலைக்களஞ்சியம்



உங்கள் வீட்டில் தமிழ்ப்பள்ளிக்கோ இடைநிலைப்பள்ளிக்கோ போகும் பிள்ளை ஒன்று இருந்தால், நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இராது. 'இரப்பர் மரம் நம் நாட்டுக்கு வந்த வரலாறு' என்று ஆசிரியர் ஒரு பாட வேலை கொடுத்தனுப்புவார். பிள்ளை கைத்தொலைபேசியை எடுத்து நான்கு எழுத்தைத் தட்டும். 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. பின்னர் ரிட்லி என்பவர் மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் முறையை வகுத்தார் என்று வரிசையாகச் செய்திகள் வந்து விழும். அவற்றை ஏட்டில் எழுதிக்கொண்டு பிள்ளை விளையாடப் போய்விடும்.

திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா, "இதையெல்லாம் எழுதியது யாரப்பா?" என்று கேட்டால் பிள்ளையிடம் பதில் இருக்காது. ஆசிரியரிடம் கேட்டாலோ, "விக்கிப்பீடியாவில் யார் வேண்டுமானாலும் எழுதலாம்" என்பார். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால், அதை யார்தான் நம்புவது? தாத்தாவின் மனத்தில் எழும் இந்தக் கேள்வி நியாயமானது. உலகத்தில் பெரிய பெரிய அறிஞர்களும் இதே கேள்வியைக் கேட்டு, சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

அறிந்தவை அனைத்தையும் ஒரே இடத்தில் தொகுத்து வைக்கும் நூலுக்குக் கலைக்களஞ்சியம் என்று பெயர். களஞ்சியம் என்றால் நெல் கொட்டி வைக்கும் குதிர் அல்லவா? அதைப் போல அறிவைக் கொட்டி வைப்பது. பிரான்சு நாட்டில் தீதரோ என்ற அறிஞர் 1751 முதல் 1772 வரை இருபத்தோராண்டு காலம் பாடுபட்டு, 28 தொகுதிகளாக ஒரு கலைக்களஞ்சியத்தை வெளியிட்டார். அதில் ஒரு சிறப்பு உண்டு. மன்னர்களையும் மதகுருமார்களையும் பற்றி மட்டும் எழுதாமல், தச்சர், கொல்லர், நெசவாளர், கண்ணாடி ஊதுவோர் ஆகியோரின் பட்டறைகளையும் கருவிகளையும் படம் போட்டு விளக்கினார்கள். கைத்தொழில் செய்பவனின் அறிவும் அறிவுதான் என்று அச்சில் ஏற்றிய பெருமை அந்த நூலுக்கு உண்டு. 1759இல் அரசாங்கம் அதன் உரிமத்தைப் பறித்தது. அதைவிடக் கொடுமை, அரசுக்கு அஞ்சிய அச்சகத்தார், தீதரோவுக்கே தெரியாமல் பல பகுதிகளை வெட்டி எறிந்துவிட்டார்கள். 1764இல்தான் அது அவருக்குத் தெரியவந்தது. அச்சில் வந்ததெல்லாம் எழுதியவன் எழுதியபடிதான் வந்தது என்று அப்பொழுதும் சொல்ல முடியவில்லை, பாருங்கள்.

பிரிட்டானிக்கா என்ற பெயரை நம்மில் பலர் கேட்டிருப்போம். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1768இல் தொடங்கி 1771இல் மூன்று தொகுதிகளாக முடிந்தது அதன் முதல் பதிப்பு. அதில் பெரும்பகுதியைத் தொகுத்தவர் ஒரே ஒருவர். பிற நூல்களிலிருந்து வெட்டியும் ஒட்டியும்தான் அதை நிரப்பினார். பின்னாளில் பேராசிரியர்களும் அறிவியலாளர்களும் எழுதி அது உலகப் புகழ் பெற்றது. ஆனால், மிகவும் மெச்சப்பட்ட 1911ஆம் ஆண்டுப் பதிப்பில், ஆப்பிரிக்கக் கறுப்பின மக்கள் அறிவில் தாழ்ந்தவர்கள் என்று கூசாமல் எழுதி வைத்திருந்தார்கள். எழுதியவர் அறிஞர், அச்சிட்டது பெரிய நிறுவனம், எழுதப்பட்டதோ பொய். இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பிறகு வரும் வழக்குக்கு இது முக்கியமான சாட்சி.

தமிழிலும் இந்த முயற்சிக்குக் குறைவில்லை. யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப் பிள்ளை 1902இல் 'அபிதான கோசம்' வெளியிட்டார். சென்னையில் ஆசிரியராக இருந்த சிங்காரவேலு முதலியார், தனி ஒருவராகப் பல ஆண்டுகள் உழைத்துத் தொகுத்த 'அபிதான சிந்தாமணி' 1910இல் வெளிவந்தது. சுதந்தரத்துக்குப் பிறகு, அவினாசிலிங்கம் செட்டியார் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகளில் தமிழ்க் கலைக்களஞ்சியத்தை உருவாக்கியது. முதல் தொகுதி 1954இல் வந்தது, பத்தாவது 1968இல். பதினான்கு ஆண்டுகள்! கடைசித் தொகுதி வெளிவருவதற்குள் முதல் தொகுதியில் சொன்ன பல செய்திகள் பழையனவாகிவிட்டன. மலாயா மலேசியாவாயிற்று, சிங்கப்பூர் தனிநாடாயிற்று, மனிதன் விண்வெளிக்கே போய் வந்துவிட்டான். அச்சுக் களஞ்சியத்துக்கு அதுதான் பெரிய இடையூறு. பிழை ஒன்று புகுந்துவிட்டால், அடுத்த பதிப்பு வரும் வரையில் அது பிழையாகவே இருக்கும்.

ஊரெல்லாம் கூடி நூல் எழுதுவது இணையத்தோடு பிறந்த பழக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆசிரியர் ஜேம்ஸ் மறே 1879இல் பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். படிக்கும் புத்தகத்தில் ஒரு சொல் எப்படி ஆளப்பட்டிருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டார். இலட்சக்கணக்கில் சீட்டுகள் வந்து குவிந்தன. மிகுதியாக அனுப்பியவர்களில் ஒருவர், கொலைக் குற்றத்துக்குப் பின் மனநோயாளர் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த ஓர் அமெரிக்க மருத்துவர்! அவர் அனுப்பிய சீட்டுகள் அவ்வளவு துல்லியமாக இருந்தன. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சீட்டு அனுப்புவது யாராக இருந்தாலும், அதை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்தவர் ஆசிரியர். வாசலில் ஒரு காவலர் இருந்தார்.

அந்தக் காவலரையே நீக்கிவிட்டால் என்ன ஆகும்? அந்தத் துணிச்சலான சோதனை 2001ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் தொடங்கியது. அதை வேண்டுமென்று யாரும் திட்டமிடவில்லை என்பதுதான் வேடிக்கை. அமெரிக்காவில் ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் என்ற இருவர், அதற்கு முந்திய ஆண்டில் நூபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கியிருந்தார்கள். அதில் பட்டம் பெற்றவர்கள் எழுத வேண்டும். எழுதியது ஏழு கட்டச் சோதனைகளைத் தாண்டி வரவேண்டும். ஓராண்டு போயிற்று, இருபதுக்கும் சற்றுக் கூடுதலான கட்டுரைகளே முடிந்திருந்தன. சரி, பக்கத்தில் ஒரு பயிற்சிக் களம் போட்டு, யார் வேண்டுமானாலும் எழுதட்டும், நல்லதைப் பிறகு எடுத்துக்கொள்வோம் என்று விக்கிப்பீடியாவைத் திறந்து வைத்தார்கள். ஓராண்டுக்குள் ஏறத்தாழ 20,000 கட்டுரைகள் வந்துவிட்டன. நாற்றங்கால் வயலை விழுங்கிவிட்டது. நூபீடியா 2003இல் மூடப்பட்டது.

'விக்கி' என்ற சொல்லுக்கு ஹவாய்த் தீவு மொழியில் 'விரைவு' என்று பொருள். ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடும் பேருந்துக்கு அந்தப் பெயர். யாரும் உடனே திருத்தக்கூடிய இணையப் பக்கத்தை 1995இல் உருவாக்கிய வார்டு கன்னிங்காம், அந்தப் பேருந்தை நினைத்து இப்பெயரை வைத்தார். ஹவாய் மொழி நம் மலாய் மொழிக்குத் தூரத்து உறவு என்பது இடையில் ஒரு செய்தி. அங்கே கைக்கு லிமா. இங்கே ஐந்துக்கு லீமா!

நேயர்களே, இப்பொழுது தாத்தாவின் கேள்விக்கு வருவோம். காவல் இல்லாத தோட்டத்தில் பலா பழுத்தால் மிஞ்சுமா?

தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் எல்லாரும் கூடி நிற்க, கிராணியார் செக்ரோலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். ஒருவருடைய பெயரை விட்டுவிட்டால் அவர் அங்கேயே குரல் கொடுப்பார். வராத ஒருவருக்கு வந்ததாகப் பேர் போட்டால், பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும். கிராணியார் மகாநல்லவர் என்பதற்காக அல்ல, பாதிக்கப்படுகிறவர்கள் அங்கேயே நிற்கிறார்கள் என்பதற்காகத்தான் அந்த ஏட்டை ஓரளவுக்கு நம்பினோம். களத்தில் யாரும் இல்லாமல், அலுவலகத்தின் உள்ளே மூடிய கதவுக்குப் பின்னால் எழுதிய கணக்கில் என்னென்ன நடந்தது என்பது வேறு கதை.

விக்கிப்பீடியாவும் ஏறத்தாழ இப்படித்தான் இயங்குகிறது. ஒவ்வொரு கட்டுரைக்கும் மேலே 'வரலாறு' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால், எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தப் பெயரில் வந்தவர், எந்தச் சொல்லை மாற்றினார் என்று முதல் நாளிலிருந்து எல்லாம் தெரியும். ஒருவர் கெடுத்ததை இன்னொருவர் ஒரே தட்டில் பழையபடி ஆக்கலாம். 'உரையாடல்' என்று இன்னொரு பொத்தான். அங்கே கட்டுரையைப் பற்றிய வழக்குகள் நடக்கும். சான்று இல்லாமல் எழுதினால், 'சான்று தேவை' என்று யாராவது முத்திரை குத்திவிடுவார்கள். வசைச் சொற்களையும் கிறுக்கல்களையும் சில நொடிகளில் நீக்கும் தானியங்கி நிரல்களும் உண்டு. ஆக, காவலர் இல்லை என்பது முழு உண்மையன்று. ஒரு காவலருக்குப் பதிலாக ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பார்ப்பவர்கள் இருக்கும் வரையில் அது நல்ல ஏற்பாடுதான்.

2005ஆம் ஆண்டு டிசம்பரில் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழ் ஒரு சோதனை செய்தது. 42 அறிவியல் தலைப்புகளில் விக்கிப்பீடியாவும் பிரிட்டானிக்காவும் எழுதியவற்றை, எது எவருடையது என்று சொல்லாமல், துறை வல்லுநர்களிடம் கொடுத்தது. விக்கிப்பீடியாவில் 162 பிழைகள், பிரிட்டானிக்காவில் 123 பிழைகள். அதாவது, கட்டுரைக்கு ஏறத்தாழ நான்கு, அங்கே மூன்று. கடுமையான பிழைகள் இரண்டிலும் சமமாக நான்கு நான்கு. பிரிட்டானிக்கா நிறுவனம் சினங்கொண்டு, சோதனையே தவறு என்று 2006இல் நீண்ட மறுப்பு வெளியிட்டது. இதழ் தன் முடிவிலிருந்து பின்வாங்கவில்லை. என்னுடைய கருத்தைக் கேட்டால், சமமா, சற்றுக் குறைவா என்பதைவிட, பிரிட்டானிக்காவிலும் கட்டுரைக்கு மூன்று பிழை இருந்தது என்பதுதான் பலருடைய கண்ணைத் திறந்தது.

ஆனால் அந்தச் சோதனை அறிவியலைப் பற்றியது. வேதியியல் கட்டுரையில் பொய் எழுத யாருக்கு ஆசை வரும்? மனிதர்களைப் பற்றியும் வரலாற்றைப் பற்றியும் எழுதும் இடத்தில்தான் வம்பு. அதே 2005ஆம் ஆண்டு, ஜான் சீகன்தாலர் என்ற மூத்த அமெரிக்கப் பத்திரிகையாளர் தம்மைப் பற்றிய கட்டுரையைப் படித்து அதிர்ந்து போனார். கென்னடி சகோதரர்களின் கொலையில் அவருக்குத் தொடர்பு இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது என்று அதில் இருந்தது. அவரோ இராபர்ட் கென்னடியிடம் பணிபுரிந்தவர். உடன் வேலை செய்பவரிடம் வேடிக்கை காட்டுவதற்காக ஒருவர் எழுதி வைத்த பொய் அது. நான்கு மாத காலம் எவர் கண்ணிலும் படாமல் அது அப்படியே இருந்தது. ஆயிரம் கண்கள் என்றேனே, அந்தப் பக்கத்தை ஒரு கண்ணும் பார்க்கவில்லை.

நமக்கு இன்னும் அருகில் ஒன்று சொல்கிறேன். கோவாவில் பிச்சோலிம் என்று ஓர் ஊர் உண்டு. 1640, 1641ஆம் ஆண்டுகளில் போர்த்துகீசியருக்கும் மராட்டியருக்கும் இடையே அங்கே ஒரு போர் நடந்ததாக 2007இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு நீண்ட கட்டுரை வந்தது. படைகள், தளபதிகள், உடன்படிக்கை எல்லாம் இருந்தன. அடிக்குறிப்பில் புத்தகங்களின் பெயர்களும் இருந்தன. 'நல்ல கட்டுரை' என்ற தகுதியும் கிடைத்தது. ஐந்தாண்டு கழித்து, 2012 டிசம்பரில், யாரோ ஒருவர் அந்தப் புத்தகங்களைத் தேடிப் பார்த்தார். அப்படிப் புத்தகங்களே இல்லை. அந்தப் போரும் நடக்கவே இல்லை!

சீன மொழியில் நடந்தது இதையும் விஞ்சியது. இடைக்கால ரஷ்யாவைப் பற்றி ஒரு பெண்மணி பத்தாண்டு காலம் 200க்கும் மேற்பட்ட கட்டுரைகள் எழுதினார். தாம் வரலாற்றில் பட்டம் பெற்றவர் என்று சொல்லிக்கொண்டார். சக எழுத்தாளர்கள் அவரைப் போற்றினார்கள். 2022இல் ஒரு சீன நாவலாசிரியர், தம் கதைக்கு ஏற்ற களம் என்று ஒரு வெள்ளிச் சுரங்கத்தைப் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டு, மேலும் செய்தி தேடி ரஷ்ய நூல்களைப் புரட்டினார். சுரங்கத்தைக் காணோம். நூலைப் பிடித்துக்கொண்டே போனால், மன்னர்கள், போர்கள், நகரங்கள் என்று ஒரு கற்பனை நாடே வெளிப்பட்டது. எழுதியவர் உயர்நிலைப்பள்ளி வரை படித்த ஓர் இல்லத்தரசி. ரஷ்ய மொழியும் தெரியாது, ஆங்கிலமும் சரளமாகத் தெரியாது. தெரியாத இடங்களைக் கற்பனையால் நிரப்பத் தொடங்கி, ஒரு பொய்யைக் காக்க இன்னொரு பொய் எழுதி, நிறுத்த முடியாமல் போயிற்று என்று அவரே மன்னிப்புக் கேட்டு எழுதினார். அவருக்கு நல்ல கதை எழுதும் திறமை இருந்தது, இடம்தான் தவறிவிட்டது.

பொய் இணையத்திலேயே தங்கிவிட்டாலாவது பரவாயில்லை. 2009 மார்ச்சில் மொரீஸ் ஜார் என்ற திரைப்பட இசையமைப்பாளர் காலமானபோது, டப்ளின் நகரக் கல்லூரி மாணவர் ஒருவர், அவர் சொன்னதாக ஒரு பொன்மொழியைத் தாமே புனைந்து கட்டுரையில் சேர்த்தார். பத்திரிகையாளர்கள் சரிபார்க்கிறார்களா என்று சோதிப்பது அவர் நோக்கம். சான்று இல்லை என்று விக்கிப்பீடியர்கள் அதை நீக்கிவிட்டார்கள். ஆனால் அதற்குள் பல நாடுகளின் நாளேடுகள் அதை எடுத்து இரங்கலுரையில் போட்டுவிட்டன. ஒரு மாதம் கழித்து மாணவர் தாமாகச் சொன்ன பிறகுதான் நாளேடுகளுக்குத் தெரிந்தது. இங்கே விக்கிப்பீடியா பிழைத்தது, செய்தித்தாள் வழுக்கி விழுந்தது. இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. களஞ்சியத்தில் இருக்கும் பொய்யை நாளேடு எடுத்துப் போடும். பிறகு அந்த நாளேட்டையே சான்றாகக் காட்டிக் களஞ்சியம் அந்தப் பொய்யை வைத்துக்கொள்ளும். பொய் இப்படிச் சுற்றி வந்து தனக்குத் தானே சாட்சி சொல்லிக்கொள்ளும்.

நேயர்களே, இதுவரையில் சொன்னது பெரும்பாலும் பெரிய மொழிகளின் கதை. கூட்டம் குறைந்த மொழிகளில் நிலைமை வேறு. ஸ்காட்லாந்து மக்களின் ஸ்காட்ஸ் மொழியில் ஒரு விக்கிப்பீடியா உண்டு. அதில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதியவர் அந்த மொழியே தெரியாத ஓர் அமெரிக்கச் சிறுவர் என்பது 2020இல் வெளிப்பட்டது. பன்னிரண்டு வயதில் ஆர்வத்தோடு தொடங்கி, அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் மாற்றிக்கொண்டே போயிருக்கிறார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் உலகத்தார் பலர், இந்த மொழி இவ்வளவுதானா, கெட்டுப்போன ஆங்கிலந்தானா என்று எண்ணிவிட்டார்கள். குரோவேசிய மொழியிலோ கெட்ட எண்ணமே காரணம். சிறு குழு ஒன்று நிருவாகத்தைக் கைப்பற்றி, இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் கொலைமுகாமைப் பற்றிய உண்மையைக் குறைத்துக் காட்டும்படி ஏறத்தாழ பத்தாண்டு காலம் நடத்தி வந்தது. 2021இல் விக்கிமீடியா அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வறிக்கை அதை உறுதி செய்தது.

தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் பிறந்தது. அந்த ஆண்டு நவம்பரிலிருந்து அதை வளர்த்தெடுத்தவர், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மயூரநாதன். வளைகுடா நாட்டில் வேலை பார்த்துக்கொண்டே, ஆயிரக்கணக்கான கட்டுரைகளைக் கூலியில்லாமல் எழுதினார். 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதைக் கனடா தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்கு அளித்தது. இலங்கை, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர், இன்னும் தமிழர் சிதறி வாழும் நாடுகளிலிருந்தெல்லாம் பலர் சேர்ந்தார்கள். 2017இல் கட்டுரைகள் ஓர் இலட்சத்தைத் தாண்டின. அபிதான சிந்தாமணியைத் தனியாகத் தொகுத்த முதலியாரும், பதினான்கு ஆண்டு அச்சகத்தோடு போராடிய தூரனும் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்.

அந்தத் தமிழ்க் களஞ்சியத்துக்கும் ஒரு சோதனை வந்தது. 2009 வாக்கில் கூகுள் நிறுவனம், ஆங்கிலக் கட்டுரைகளைக் கூலிக்கு ஆள் வைத்து, கருவியின் துணையோடு மொழிபெயர்த்துத் தமிழில் கொண்டுவந்து கொட்டியது. நீளம் நீளமான கட்டுரைகள். ஆனால், படித்தால் புரியாத வாக்கியங்கள், எழுத்துப் பிழைகள், நமக்குச் சற்றும் தேவையற்ற மேல்நாட்டுக் கேளிக்கைச் செய்திகள். எண்ணிக்கை பெருகுகிறதே என்று நம்மவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. தமிழ் விக்கிப்பீடியர்கள் குறைகளைப் பட்டியலிட்டு நிறுவனத்தோடு பேசினார்கள். 2010இல் போலந்து நாட்டில் கூடிய அனைத்துலக மாநாட்டிலும் இரவிசங்கர் என்ற தமிழர் அதை எடுத்து வைத்தார். தலைப்பை நாங்கள் சொல்கிறோம், மொழியைத் திருத்துங்கள் என்று கேட்டார்கள். பெரிய நிறுவனத்திடம் ஒரு சிறு குழு நிபந்தனை பேசியது! அது சின்ன காரியமில்லை. இன்று மொழிபெயர்க்கும் எந்திரங்கள் இன்னும் வேகமாகிவிட்டன. கிரீன்லாந்து மொழியில் எந்திரம் எழுதிய பிழைமலிந்த பக்கங்கள் மலிந்து, திருத்த ஆள் இல்லாமல், அந்த விக்கிப்பீடியாவை மூடுவதென்று 2025இல் முடிவாயிற்று.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கேட்டால் பதில் சொல்லும் செயற்கை அறிவு நிரல்கள் வந்துவிட்டன அல்லவா? அவை மொழியையும் செய்தியையும் கற்றுக்கொண்ட ஏடுகளில் விக்கிப்பீடியாவும் முக்கியமான ஒன்று. களஞ்சியத்தில் தமிழ் எப்படி இருக்கிறதோ, அதன் சாயல் எந்திரத்தின் வாயிலும் வரும்.

பிழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பிழை எழுதப்பட்டால் என்றாவது ஒருவர் திருத்துவார். எழுதப்படாமலே போனதை யார் திருத்துவது?

2018 அக்டோபர் 2ஆம் நாள், இயற்பியலுக்கான நோபெல் பரிசு பெற்றவர்களில் ஒருவராகக் கனடா நாட்டு டோனா ஸ்டிரிக்லண்டு அறிவிக்கப்பட்டார். அந்த அம்மையாரைப் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு பக்கமும் இல்லை. அவ்வாண்டிலேயே முன்னதாக ஒருவர் எழுதி அனுப்பியிருந்தார்; அவரைப் பற்றிப் பிறர் எழுதிய சான்றுகள் போதவில்லை என்று அது மறுக்கப்பட்டிருந்தது. பரிசு வென்ற அறிவியலாளருக்கே இந்தக் கதி.

விக்கிப்பீடியாவின் அடிப்படை விதி ஒன்று உண்டு. 'நான் கண்டேன், நான் கேட்டேன்' என்று யாரும் எழுதக்கூடாது. நம்பத்தகுந்த ஓரிடத்தில் ஏற்கெனவே வெளியான செய்தியைத்தான் எழுதலாம். பிச்சோலிம் போரைப் போன்ற புளுகுகளைத் தடுக்க இந்த விதி தேவைதான். ஆனால் அச்சில் ஏறாத மக்களுக்கு இதே விதி சுவராக நிற்கிறது.

சயாம் மரண இரயில் பாதையை நினைத்துப் பாருங்கள். 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்ட பாதை. 60,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் அதில் வேலை செய்தார்கள். 12,000க்கும் அதிகமானோர் மாண்டார்கள். அவர்களுக்குக் கல்லறைகள் இருக்கின்றன, கல்லில் பெயர் இருக்கிறது, நாட்குறிப்புகள் இருக்கின்றன, நூற்றுக்கணக்கான புத்தகங்கள் இருக்கின்றன. அவர்களைவிடப் பன்மடங்கு எண்ணிக்கையில், நம் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட தமிழர்களும், மலாய்க்காரர்களும், ஜாவானியரும், பர்மியரும் மாண்டார்கள். ஏறத்தாழ 90,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மதிப்பீடுதான், பெயர்ப்பட்டியல் இல்லை. 'குவாய் நதிப் பாலம்' என்ற புகழ்பெற்ற கதையை 1952இல் எழுதிய பிரெஞ்சுக்காரர் பியேர் பூல், போருக்கு முன் மலாயாவில் இரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தோட்டத்துத் தமிழனை அவர் அன்றாடம் பார்த்திருப்பார். ஆனாலும் அந்தக் கதை வெள்ளைக் கைதிகளின் கதையாகத்தான் வந்தது, 1957இல் படமாகவும் வந்து உலகெங்கும் ஓடியது. நம் பக்கத்துக் கதையை ஆர். சண்முகம் 'சயாம் மரண இரயில்' என்ற நாவலிலும், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' என்ற நாவலிலும் எழுதிய பிறகுதான் அது தமிழ் அச்சில் நிலைத்தது. களஞ்சியம் அச்சைத்தான் பின்தொடரும். அச்சில் வெள்ளைக் கைதி பெரியவனாகவும் நம்மவன் எண்ணிக்கையாகவும் இருந்தால், களஞ்சியத்திலும் அப்படித்தான் இருப்பார்கள்.

தொடக்கத்தில் சொன்ன இரப்பர்க் கட்டுரைக்கும் இதே நிலைதான். விக்கமும் ரிட்லியும் கடிதம் எழுதியவர்கள், அறிக்கை எழுதியவர்கள், ஆகவே இருக்கிறார்கள். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பனியில் நனைந்து, நாளைக்குச் சில நூறு மரங்களைச் சீவிய பெண்கள் எதையும் எழுதி வைக்கவில்லை.

இந்தச் சுவரை உடைக்க 2011இல் ஒரு முயற்சி நடந்தது. அசல் பிரபாலா என்ற இந்தியர் தலைமையில், கேரளத்திலும் வட இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஊர்ப்புற மக்களின் பேச்சைப் பதிவு செய்து, அந்த ஒலிப்பதிவையே சான்றாகக் காட்டிக் கட்டுரைகள் எழுதினார்கள். நாட்டுப்புற விளையாட்டு, சமையல், சடங்கு என்று அச்சில் இல்லாத செய்திகள் பல கிடைத்தன. ஆனால் பெரிய விக்கிப்பீடியாக்களின் விதி அதனால் மாறிவிடவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது.

அதற்கிடையில் நம்மிடம் அச்சில் இருப்பவை எவை என்று பார்த்தால், நாம் நினைப்பதைவிட அதிகம். 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன், 1935இல் தொடங்கிய தமிழ் முரசு ஆகிய நாளேடுகளில் தோட்டத்துச் செய்திகள் கொட்டிக் கிடக்கின்றன. தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் இணையத்திலேயே படிக்கும்படி வைத்திருக்கிறது. அந்நாட்டில் 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்று நிலையத்தில் தமிழில் பேசிய முதியவர்களின் பதிவுகளும் உண்டு. தமிழ்ப்பள்ளிகளின் ஆண்டு மலர்கள், கோயில் குடமுழுக்கு மலர்கள், தொழிற்சங்க மாநாட்டு மலர்கள் ஆகியவையும் வெளியிடப்பட்ட நூல்களே. தோட்டம் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, பள்ளியும் வேறு இடத்துக்குப் போன பிறகு, அந்தத் தோட்டம் எந்த ஆண்டில் திறக்கப்பட்டது, முதல் தலைமையாசிரியர் யார், கோயிலுக்கு மரம் கொடுத்தவர் யார் என்ற செய்திகள் பல இடங்களில் அந்த மலர்களில் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் எத்தனையோ பிரதிகள் நூலகத்தில் இல்லை. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்தவர்களின் வீட்டுத் தகரப் பெட்டியில், பழைய சம்பளத் துண்டுகளுக்கும் சிவப்பு அடையாளக் கார்டுகளுக்கும் கீழே இருக்கின்றன.